கோவை எங்கே தாமதிக்கிறது? கழிவுநீர் அனுமதிக் கருமபீடம் தரும் பாடம்

புதிதாகச் சாப்பாட்டுக் கடையொன்றைத் திறக்க எண்ணும் சகோதரர் ஒருவரைக் கற்பனை செய்து கொள்வோம். பிரதான வீதியில் நல்ல இடம் கிடைத்து விட்டது. முற்பணம் கொடுத்து வாடகை ஒப்பந்தமும் எழுதியாகி விட்டது. தச்சு வேலை, மின்சார வேலை, பெயர்ப்பலகை எல்லாம் முடிந்து விட்டன. ஆனால் சமையலறைக் கழிவுநீரை வீதியில் செல்லும் பிரதான கழிவுநீர்க் குழாயுடன் இணைப்பதற்கான அனுமதி மட்டும் வந்து சேரவில்லை.

மாத வாடகை ஒரு இலட்சம் ரூபா என்று வைத்துக் கொண்டால், ஆறு வாரத் தாமதம் அவருக்கு ஒன்றரை இலட்சம் ரூபா நஷ்டத்தைக் கொடுக்கின்றது. ஏற்கனவே பேசி வைத்த சமையற்காரருக்கும் வேலையாட்களுக்கும் கொடுக்க வேண்டிய சம்பளம் இதில் சேரவில்லை. வியாபாரம் தொடங்கும் முன்பே முதலில் ஒரு பகுதி கரைந்து போகின்றது. பெரிய கம்பனிகள் இதனைத் தாங்கிக் கொள்ளும். சிறு வியாபாரியால் தாங்க முடியாது.

இந்த நிலைக்கு யார் காரணம் என்று கேட்டால், "கந்தோரில் வேலை நடப்பதில்லை" என்று வியாபாரி சொல்வார். "கேட்ட பத்திரங்களைக் கொண்டு வருவதில்லை" என்று உத்தியோகத்தர் சொல்வார். இரண்டிலும் உண்மை இருக்கின்றது. எனினும் ஒருவரையொருவர் குறை கூறுவதால் கோவை நகரப் போவதில்லை. கோவை எந்த இடத்தில், எந்தக் காரணத்தால் நிற்கின்றது என்பதை ஆராய்ந்து பார்ப்பதே பயனுள்ள காரியமாகும். அதனையே இன்றைய பாடமாக எடுத்துக் கொள்வோம்.

இந்த அனுமதி எதற்காக?

முதலில் ஒரு விடயத்தை நாம் ஏற்றுக் கொள்ள வேண்டும். கழிவுநீர் இணைப்புக்கு அனுமதி பெற வேண்டும் என்ற விதி வியாபாரிகளை அலைக்கழிப்பதற்காக ஏற்பட்டதல்ல.

நமது நாட்டில் நிலத்தடிக் குழாய்கள் மூலம் கழிவுநீரை அகற்றும் வசதி சனத்தொகையில் மிகச் சிறிய பகுதியினருக்கே உண்டு. கொழும்பு நகரின் கழிவுநீர்க் குழாய் அமைப்பு நூறு ஆண்டுகளைக் கடந்த பழைமை வாய்ந்தது. பிரித்தானியர் காலத்தில் தொடங்கப்பட்ட இந்த அமைப்பைக் கொழும்பு மாநகர சபை பராமரித்து வருகின்றது. வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் இருந்து கடலுக்குள் நீண்டு செல்லும் குழாய்கள் இதன் முடிவிடங்களாக அமைந்தன. இதனைப் புனரமைப்பதற்காக ஆசிய அபிவிருத்தி வங்கி 2009ஆம் ஆண்டில் 100 மில்லியன் டொலர் கடனுதவியை அங்கீகரித்தது. தலைநகருக்கு வெளியே சில நகரங்களில் இச்சேவையை 1974ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை நடத்துகின்றது.

இத்தகைய குழாய்களுக்கு மிகப் பெரிய எதிரி சாப்பாட்டுக் கடைகளில் இருந்து வரும் எண்ணெயும் கொழுப்பும்தான். சூடாக இருக்கும்போது தண்ணீரோடு ஓடிப் போகும் கொழுப்பு, குழாய்க்குள் குளிர்ந்ததும் கட்டியாகிச் சுவரில் ஒட்டிக் கொள்கின்றது. நாளடைவில் குழாய் அடைபட்டுக் கழிவுநீர் வீதிக்கு வருகின்றது. சில வேளை பக்கத்துக் கடைக்குள்ளேயே மேலெழுகின்றது. இதனைத் தடுக்கவே கொழுப்பைத் தேக்கி நிறுத்தும் தொட்டி கேட்கப்படுகின்றது. பிளம்பர்மார் இதனை 'கிரீஸ் ட்ரெப்' என்பார்கள். அமெரிக்காவில் பல நகரங்களில் இதற்கு ஒரு கால்வாசி விதி உண்டு. தொட்டியில் மிதக்கும் கொழுப்பும் அடியில் படியும் மண்டியும் சேர்ந்து தொட்டியின் ஆழத்தில் 25 வீதத்தை எட்டியதும் அதனைச் சுத்தம் செய்தாக வேண்டும்.

எனவே அனுமதி தேவைதான். ஆனால் நேர்மையான வழி மிகவும் தாமதமானால் என்ன நடக்கும்? சிலர் இரவோடிரவாக மழைநீர்க் கானுக்குக் குழாயைத் திருப்பி விடுகின்றார்கள். அந்தக் கழிவு வாய்க்கால்களுக்கும் பேர வாவிக்கும் போய்ச் சேருகின்றது. வேறு சிலர் தரகரைத் தேடிப் போகின்றார்கள். விதியை மதித்து வரிசையில் நின்றவர் நஷ்டப்பட, மீறியவர் கடையைத் திறந்து விடுகின்றார். இதனால் பாதிக்கப்படுவது ஊர் முழுவதும்தான்.

வேலை நேரமும் காத்திருக்கும் நேரமும்

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு சாதாரண விண்ணப்பத்துக்கு உண்மையில் எவ்வளவு வேலை இருக்கின்றது? கருமபீடத்தில் பத்திரங்களைப் பார்க்க 20 நிமிடம். வரைபடத்தைப் பரிசீலிக்க ஒரு மணித்தியாலம். இடத்தைப் போய்ப் பார்க்க ஒரு மணித்தியாலம். கட்டணம் கணக்கிட 20 நிமிடம். கையொப்பமிட 10 நிமிடம். மொத்தம் மூன்று மணித்தியாலம் கூட இல்லை. ஆனால் அனுமதி கைக்கு வர ஆறு வாரம் செல்கின்றது என்றால், மீதி நேரமெல்லாம் கோவை மேசையில் காத்துக் கிடந்த நேரமாகும்.

அமெரிக்க அறிஞர் ஜோன் லிட்டில் 1961ஆம் ஆண்டில் ஒரு விதியைக் கணித முறையில் நிரூபித்தார். எந்த வரிசைக்கும் பொருந்தக் கூடிய எளிய விதி அது. நிலுவையில் இருக்கும் கோவைகளின் எண்ணிக்கையை, நாளொன்றுக்கு முடிக்கப்படும் கோவைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு கோவை சராசரியாகக் காத்திருக்கும் நாட்கள் கிடைக்கும். மேசைகளில் 90 கோவைகள் இருந்து, நாளொன்றுக்கு 3 முடிக்கப்படுமானால், காத்திருப்பு 30 வேலை நாட்கள். அதுவே ஆறு வாரம். உத்தியோகத்தர் சோம்பேறியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் நாள் முழுவதும் உழைத்தாலும் 90 கோவைகள் மேசையில் இருக்கும் வரை ஆறு வாரம் ஆறு வாரம்தான்.

அப்படியானால் 90 கோவைகள் எப்படிச் சேர்ந்தன? பெரும்பாலும் திரும்பி வரும் கோவைகளால்தான். நூறு விண்ணப்பங்கள் வருகின்றன என்று வைத்துக் கொள்வோம். அவற்றில் பாதி ஏதோவொரு பத்திரம் குறைவதால் ஒரு தடவை திருப்பி அனுப்பப்பட்டு மீண்டும் வருகின்றன. அப்போது உத்தியோகத்தர்கள் கோவையைக் கையிலெடுப்பது நூறு தடவையல்ல, 150 தடவை. திருப்பி அனுப்பப்படுவதைப் பத்தாகக் குறைத்தால் அது 110 தடவையாகிவிடும். ஒரு உத்தியோகத்தரைக் கூடப் புதிதாக நியமிக்காமல், ஒரு ரூபா கூடச் செலவிடாமல், வேலைச் சுமையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து விடுகின்றது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம், தாமதத்தின் வேர் பெரிய அதிகாரியின் அறையில் மட்டும் இல்லை என்பதாகும். விண்ணப்பம் கருமபீடத்தில் கையளிக்கப்படும் அந்த முதல் இருபது நிமிடத்திலும் அது இருக்கின்றது.

கலிபோர்னியா கற்றுக் கொண்டது எப்படி?

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியதல்ல. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமும் இதில் அடிபட்டுத்தான் பாடம் படித்தது.

டவ் கெமிக்கல் என்ற பிரபல இரசாயனக் கம்பனி, அங்கு சொலானோ மாவட்டத்தில் 500 மில்லியன் டொலர் செலவில் ஒரு தொழிற்சாலைத் தொகுதியை அமைக்கத் திட்டமிட்டது. அதற்குத் தேவைப்பட்ட அனுமதிகள் 65. இரண்டு வருடத்துக்கு மேல் முயன்றும் கிடைத்தவை 4 மட்டுமே. 1977ஆம் ஆண்டு ஜனவரியில் அக்கம்பனி திட்டத்தையே கைவிட்டு விட்டது. அந்தத் திட்டம் சுற்றாடலுக்குப் பொருத்தமானதா என்பது வேறு விவாதம். அதனை எதிர்த்த சுற்றாடல் அமைப்புகளும் இருந்தன. ஆனால் ஒன்று மட்டும் தெளிவு. "முடியும்" என்ற பதிலும் இல்லாமல், "முடியாது" என்ற பதிலும் இல்லாமல் இரண்டு வருடம் இழுபடுவது எவருக்கும் நன்மை தரவில்லை.

அதே ஆண்டிலேயே அம்மாநிலம், அனுமதி வழங்கலைச் சீர்செய்யும் சட்டமொன்றை நிறைவேற்றியது. அதன் முக்கிய அம்சங்கள் எளிமையானவை. முதலாவது, என்னென்ன பத்திரங்கள் தேவை என்ற விபரமான பட்டியலை ஒவ்வொரு நிறுவனமும் முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்க வேண்டும். இரண்டாவது, விண்ணப்பம் கிடைத்து 30 நாட்களுக்குள் அது பூரணமானதா இல்லையா என்பதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்கத் தவறினால் அது பூரணமானதாகவே கருதப்படும். மூன்றாவதாக, பின்னாளில் ஒரு திருத்தமும் வந்தது. குறைபாடுகளை முதல் தடவையிலேயே முழுமையாகச் சொல்லி விட வேண்டும். அடுத்த தடவை வரும்போது, முன்பு சொல்லாத புதிய குறையொன்றைக் கண்டுபிடித்துக் கேட்கக் கூடாது.

வீட்டுக்கு ஒரு குழாய் பொருத்தும் சாதாரண அனுமதியை மனதிற் கொண்டு எழுதப்பட்ட சட்டமல்ல இது. அபிவிருத்தித் திட்டங்களுக்கான சட்டம். எனினும் அதன் அடிப்படை மிகச் சிறிய கருமபீடத்துக்கும் அப்படியே பொருந்தும். "இன்று ஒன்று கேட்டார்கள், கொண்டு போனேன், இன்று வேறொன்று கேட்கிறார்கள்" என்ற முறைப்பாட்டை நம்மில் கேட்காதவர் யார்? அதற்கு மருந்து அந்த மூன்றாவது அம்சத்தில் இருக்கின்றது.

கட்டண விடயத்திலும் அம்மாநிலச் சட்டத்தில் ஒரு நல்ல விதி உண்டு. கழிவுநீர் இணைப்புக்காக அறவிடப்படும் கட்டணம், அச்சேவையை வழங்குவதற்கு ஆகும் நியாயமான செலவை விஞ்சக் கூடாது. அதாவது கட்டணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

கருமபீடத்தில் செய்யக் கூடிய சீர்திருத்தங்கள்

இனி, ஓர் உள்ளூர் நிறுவனம் பெரிய செலவின்றிச் செய்யக் கூடியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தொழிலுக்குத் தொழில் தனிப்பட்டியல். வீடு, சில்லறைக் கடை, சாப்பாட்டுக் கடை, வாகனங்கள் கழுவும் நிலையம் ஆகியவற்றுக்குத் தேவையான பத்திரங்கள் ஒரே மாதிரியானவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரே தாளில், மூன்று மொழிகளிலும், ஒரு பட்டியல் இருக்க வேண்டும்.

2. முதலில் சரிபார்த்தல், பிறகு பொறுப்பேற்றல். குறைபாடுள்ள விண்ணப்பத்தைக் கோவையாக்கி உள்ளே அனுப்பாமல், கருமபீடத்திலேயே பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். குறைவதை ஒரு துண்டில் எழுதி, திகதியும் கையொப்பமும் இட்டுக் கொடுக்க வேண்டும். அத்துண்டின் பிரதி அலுவலகத்திலும் இருக்க வேண்டும்.

3. இலகுவானதைத் தனியே பிரித்தல். ஒரு கைகழுவும் தொட்டியை இணைக்க வந்தவரும், ஐந்து மாடிக் கட்டடத்துக்கு விண்ணப்பிப்பவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியதில்லை. சிறியவற்றுக்குத் தனி வரிசை இருந்தால் நிலுவையில் பெரும் பகுதி விரைவில் கரைந்து விடும்.

4. கட்டண அட்டவணையைச் சுவரில் ஒட்டுதல். எதற்கு எவ்வளவு, எங்கே செலுத்துவது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தால் தரகருக்கு வேலையில்லை. காசாளர் வேறு கட்டடத்தில் இருந்தால் அவரைக் கருமபீடத்துக்கு அருகே கொண்டு வருவது இன்னும் நல்லது.

5. இலக்கமும் தவணையும். பொறுப்பேற்கும்போதே கோவை இலக்கமும், பதில் தரப்படும் திகதியும் எழுதிய பற்றுச்சீட்டு கொடுக்கப்பட வேண்டும். இன்று எல்லோர் கையிலும் கையடக்கத் தொலைபேசி இருக்கின்றது. கோவை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகும்போது ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது பெரிய காரியமல்ல.

6. ஒன்றன்பின் ஒன்றாக அன்றி ஒரே நேரத்தில். பொறியியலாளர் பார்த்து முடித்த பின்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, அவர் முடித்த பின்னர் திட்டமிடல் பிரிவுக்கு என்று கோவை நடந்து போகும் வரை நாட்கள் போகின்றன. மூன்று பிரதிகள் வாங்கி மூவருக்கும் ஒரே நாளில் கொடுத்தால், மிக நீண்ட ஒருவரின் நேரம் மட்டுமே செல்லும்.

7. லீவுக்குப் பதிலாள். குறித்த உத்தியோகத்தர் லீவில் சென்றால் கோவையும் லீவில் இருக்கக் கூடாது. பதில் கடமை பார்ப்பவரின் பெயர் கருமபீடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

8. வாராந்தக் கணக்கு. இந்த வாரம் வந்தவை எத்தனை, முடிந்தவை எத்தனை, நிலுவை எத்தனை, திருப்பியவை எத்தனை, எந்தக் காரணத்துக்காக? இந்த ஐந்து வரிகளை ஒரு தாளில் எழுதிப் பார்க்கும் தலைமை அதிகாரிக்கு நோய் எங்கே என்று விளங்கி விடும். ஒரே பத்திரத்துக்காக நாற்பது பேர் திருப்பப்பட்டிருந்தால், பிழை அந்த நாற்பது பேரிடம் இல்லை, பட்டியலில்தான் இருக்கின்றது.

இவற்றில் சில நமது நாட்டிலும் புதியவை அல்ல. அரச நிறுவனங்கள் தாம் வழங்கும் சேவைகள், தேவையான பத்திரங்கள், கட்டணம், எடுக்கும் காலம் ஆகியவற்றைப் பிரஜைகள் சாசனமாகக் காட்சிப்படுத்த வேண்டும் என 2008ஆம் ஆண்டிலேயே பொது நிருவாக அமைச்சு சுற்றுநிருபம் அனுப்பியது. பலகை மாட்டுவது ஆரம்பம் மட்டுமே. பலகையில் உள்ள திகதியைக் காப்பாற்றுவதுதான் காரியம்.

நமது பங்கு என்ன?

சீர்திருத்தம் அலுவலகத்தில் இருந்து மட்டும் வர வேண்டும் என்று நாம் கை கட்டி இருக்க முடியாது. வியாபாரிகளாகிய நாமும் சில பழக்கங்களை மாற்றிக் கொள்ள வேண்டியிருக்கின்றது.

முற்பணம் கொடுக்கும் முன்னரே விசாரியுங்கள். அந்தக் கடைக்குப் பிரதான கழிவுநீர்க் குழாய் இருக்கின்றதா, மலசலக் குழி மட்டும்தானா? சாப்பாட்டுக் கடைக்கு முன்பே அனுமதி பெற்ற கட்டடமா? கொழுப்புத் தொட்டி வைக்க இடமுண்டா? நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் நடைமுறையில் உள்ள பிரதேசமென்றால் கட்டடத்துக்கு இணக்கச் சான்றிதழ் பெறப்பட்டிருக்கின்றதா? இவற்றைக் கேட்க அரை நாள் போதும். கேட்காமல் விட்டால் மாதக் கணக்கில் வாடகை கட்ட நேரிடும். முடியுமானால், "அனுமதி கிடைக்கும் திகதியில் இருந்தே வாடகை" என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

பத்திரங்களை ஒரே கோவையில் தயாராக வையுங்கள். நில அளவைப் படம், உறுதியின் அல்லது வாடகை ஒப்பந்தத்தின் பிரதி, சொந்தக்காரரின் சம்மதக் கடிதம், சோலை வரி கட்டிய பற்றுச்சீட்டு, அடையாள அட்டைப் பிரதி, வரைபடம் என்பன பெரும்பாலும் கேட்கப்படுபவை. சோலை வரி நிலுவை காரணமாக நின்று போகும் கோவைகள் உண்டு. அது கடைச் சொந்தக்காரரின் கடமை என்றாலும், தாமதத்தின் செலவு வாடகைக்கு எடுத்தவரின் தலையிலேயே விழுகின்றது.

வரைபடத்தில் உள்ளதையே கட்டுங்கள். கட்டணத்தைக் குறைப்பதற்காக அறுபது ஆசனங்களை இருபது என்று எழுதுவதும், வரைந்த இடத்தில் இல்லாமல் வேறிடத்தில் தொட்டியை அமைப்பதும் பரிசோதனையின்போது வெளிப்பட்டு விடும். பிறகு கோவை முதலில் இருந்து தொடங்கும்.

உங்கள் உரிமைகளையும் அறிந்து கொள்ளுங்கள். அரச அலுவலகங்களுடன் தமிழில் தொடர்பு கொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இடமளிக்கின்றது. விளங்காத மொழியிலுள்ள படிவத்தில் குத்துமதிப்பாகக் கையொப்பமிட வேண்டியதில்லை. காரணம் சொல்லப்படாமல் கோவை நின்று போயிருந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். உள்ளூராட்சி சபைகளும் இச்சட்டத்துக்கு உட்பட்டவை. "எனது கோவை யாரிடம் எந்தத் திகதியில் இருந்து இருக்கின்றது?" என்ற ஒரு கேள்வியே பல நேரங்களில் போதுமானது.

கையூட்டுக் கொடுத்து முந்திச் செல்ல வேண்டாம். கொடுப்பதும் சட்டப்படி குற்றமே. அதோடு, ஒருவர் கொடுத்து முந்தும்போது அவருக்குப் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் ஓர் இடம் பின்தள்ளப்படுகின்றார்கள். அந்த வரிசையில் அடுத்த தடவை நாமே நிற்க நேரிடும்.

சங்கங்கள் முன்வர வேண்டும்

தனியொரு வியாபாரி போய்க் கேட்டால் அது முறைப்பாடு. ஊர் வர்த்தகர் சங்கம் விபரங்களோடு போனால் அது ஆலோசனை. கடந்த ஓராண்டில் அனுமதிக்கு விண்ணப்பித்த அங்கத்தவர்களிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எந்தத் திகதியில் கொடுத்தீர்கள்? எத்தனை தடவை திருப்பி அனுப்பினார்கள்? ஒவ்வொரு தடவையும் எது குறைவென்றார்கள்? எந்தத் திகதியில் கிடைத்தது? இருபது பேரின் பதில்களை ஒரு தாளில் எழுதினாலே எந்தப் பத்திரத்தில் எல்லோரும் இடறுகின்றார்கள் என்பது தெரிந்து விடும். அந்தத் தாளோடு சபையின் ஆணையாளரையோ செயலாளரையோ சந்தித்து, "சாப்பாட்டுக் கடைகளுக்கான தமிழ்ப் பட்டியலை அச்சடிக்க எங்கள் சங்கம் உதவும்" என்று கூறினால், மறுப்பவர் குறைவு. கருமபீடத்தில் நாள் முழுவதும் ஒரே விளக்கத்தைச் சொல்லிச் சலித்த உத்தியோகத்தர்தான் முதலில் மகிழ்வார்.

கடைசியாக ஒரு வார்த்தை. கோவை தேங்கும் இடம் அரச அலுவலகங்களில் மட்டும் இருப்பதில்லை. நமது கடைகளிலும் இருக்கின்றது. வாடிக்கையாளரின் ஓடர் எத்தனை நாள் மேசையில் கிடக்கின்றது? கேட்ட பொருள் இல்லையென்று எத்தனை பேர் திரும்பிப் போகின்றார்கள்? ஒரே விபரத்தை அவரிடம் நாம் எத்தனை தடவை கேட்கின்றோம்? கருமபீடத்தின் வெளிப்பக்கம் நின்று நாம் படித்த பாடத்தை, நமது கல்லாவின் உட்பக்கம் இருந்தும் ஒரு முறை படித்துப் பார்ப்போம்.